388 விளையாட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 24. சென்ற மாதம் டிவியில் இணைத்து விளையாடும் பழைய நின்டெண்டோ 64 கன்சோல் ஒன்றை, சூப்பர் மாரியோ 64 உட்பட நான்கு கேசட்டுகளுடன், நல்ல விலை கொடுத்து வாங்கினேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அதற்கு மொத்தமே 388 விளையாட்டுகள்தான் வந்தனவாம். அதே காலத்துப் போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷனுக்கு ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. படங்களும் மங்கலாக இருக்கும் என்கிறார்கள். ‘எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம்’ என்பது நின்டெண்டோ தன் தோல்வியை மறைக்கச் சொன்ன சாக்கு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு பெட்டியைப் பிரிக்கவே மனம் வரவில்லை. விளையாட்டுகள் குறைவாக இருந்தால் ஒரு கன்சோல் தோல்விதானா? இதை விற்றுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

‘பெட்டியைப் பிரிக்கவே மனம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்தியது அந்த ஒரு வரிதான். ஆசைப்பட்டு, சம்பளப் பணத்தில், தேடிப்பிடித்து வாங்கிய பொருளை ஒருமுறைகூட இயக்கிப் பார்க்காமல், யாரோ ஒருவர் காணொளியில் வாசித்த எண்ணை நம்பி ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனாலேயே கோபமும் வருகிறது. ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதற்கு ஊரார் போட்ட மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த மதிப்பெண்ணையே தன் அனுபவமாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சில காலமாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழிவிட்டது.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். படங்கள் மங்கல் என்பது உண்மைதான். சுவர், தரை, புல் என்று பரப்புகளின்மேல் ஒட்டும் படங்களை வரையும் நேரத்தில் வைத்துக்கொள்ள அந்தக் கன்சோலில் 4 கிலோபைட் இடம்தான் இருந்தது. சின்னப் படத்தை இழுத்து விரித்து, மேடுபள்ளம் தெரியாமல் மழுப்பிக் காட்டியது. பழைய பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்த காட்சி, இன்றைய பெரிய திரையில் இன்னும் மங்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை. மறுவிற்பனை விலையைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் நான் அல்ல.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 64 வெளியானபோது கூடவே வந்தவை மூன்றே விளையாட்டுகள். அவற்றில் ஒன்று ஷோகி எனப்படும் ஜப்பானியச் சதுரங்கம். செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது இரண்டே இரண்டு: சூப்பர் மாரியோ 64, பைலட்விங்ஸ் 64. உங்கள் நண்பர்களின் கணக்குப்படி அது அன்றைக்கே முடங்கியிருக்க வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 கோடியே 29 லட்சம் விற்றது. அதில் 2 கோடிக்கும் மேல் அமெரிக்கக் கண்டத்தில். பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது என்பதும் உண்மை. போட்டியில் நின்டெண்டோ பின்தங்கியது; அதை யாரும் மறுக்கவில்லை. பின்தங்கியதற்கு 388 என்ற எண்தான் காரணம் என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

மற்ற கன்சோல்களைப் பாருங்கள். 1995இல் இதே நின்டெண்டோ வெளியிட்ட விர்ச்சுவல் பாய்க்கு மொத்தம் 22 விளையாட்டுகள். உலக அளவில் 8 லட்சம்கூட விற்காமல் ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. இருபத்திரண்டைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பார்கள். மேசைமேல் நிறுத்தி, குனிந்து, அதற்குள் முகத்தைப் புதைத்து, கறுப்பும் சிவப்புமாக மட்டுமே தெரியும் படத்தைப் பார்க்க வேண்டிய கருவி அது. கழுத்து வலித்தது, கண் வலித்தது, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வாங்க ஆளில்லாததால் விளையாட்டு செய்யவும் ஆள் வரவில்லை. 22 என்பது எல்லாம் முடிந்த பிறகு கூட்டிப் பார்த்த கணக்கு.

இன்னொரு போட்டி நிறுவனமான சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு 600க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருந்தன. ரகத்துக்குப் பஞ்சமில்லை, புதுமைக்கும் பஞ்சமில்லை. 1998 நவம்பரில் ஜப்பானில் வெளியாகி 2001 மார்ச்சில் தயாரிப்பே நின்றுபோனது. விற்றது 91 லட்சம். நின்டெண்டோ 64ஐவிட விளையாட்டு அதிகம், விற்பனையோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சேகாவின் கையில் பணம் தீர்ந்திருந்தது; முந்தைய கன்சோல்களில் சூடுபட்ட வாடிக்கையாளர்கள் நம்பத் தயங்கினார்கள்; டிவிடி ஓடும் பிளேஸ்டேஷன் 2 வருகிறது என்று காத்திருந்தார்கள். நல்ல விளையாட்டுகள் நிறைய இருந்தும் அந்தக் கன்சோலைக் காப்பாற்ற முடியவில்லை.

நின்டெண்டோவின் வீ யூவுக்கு நடந்தது இதைவிடத் தெளிவானது. 2012இல் வந்து 1 கோடியே 35 லட்சத்தோடு நின்ற கன்சோல் அது. அதற்காக 2014இல் செய்த மாரியோ கார்ட் 8, 80 லட்சத்துக்குச் சற்று மேல் விற்றது. அதே விளையாட்டைச் சில சேர்க்கைகளோடு 2017இல் அடுத்த கன்சோலான ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். 6 கோடியைத் தாண்டிவிட்டது. பாதை அதே, வண்டி அதே. முதல் முறை குறைவாக விற்றதற்கு அந்த விளையாட்டு என்ன செய்யும்?

எண்ணிக்கை பெருகினால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அட்டாரி 2600 கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் கேசட் செய்து விற்கலாம் என்ற நிலை வந்தது. காலை உணவு விற்கும் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம்கூட விளையாட்டுக்கென்று ஒரு பிரிவை வைத்திருந்தது. கடைகளில் கேசட்டுகள் குவிந்தன. 1982 கிறிஸ்துமஸுக்காக ஐந்தே வாரங்களில் செய்யப்பட்ட ஈ.டி. விளையாட்டு விற்காமல் தேங்கியது. 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் மற்ற கேசட்டுகளோடு புதைக்கப்பட்டது. 2014இல் அங்கே தோண்டியபோது கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். எது நல்லது, எது குப்பை என்று தெரியாமல் காசைத் தொலைத்த பெற்றோர், விளையாட்டுச் சந்தையையே விட்டு விலகினார்கள்.

அந்தச் சரிவுக்குப் பிறகுதான் நின்டெண்டோ அமெரிக்காவுக்குப் போனது. தன் அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்குமேல் வெளியிடக் கூடாது என்று விதித்தது. கொனாமி போன்ற பெரிய நிறுவனம், இந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்று வேறொரு பெயரில் விளையாட்டுகளை வெளியிட்டது. நின்டெண்டோ பேசிய தரம், தோற்ற பிறகு தேடிப்பிடித்த சாக்கு அல்ல. பத்தாண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்துக்கொண்ட கொள்கை. அந்தக் கொள்கையில் அதிகாரமும் பேராசையும் கலந்திருந்தன என்பதையும் நான் மறைக்க மாட்டேன்.

எண்ணிக்கையின்மேல் எனக்குள்ள கோபம் இந்த வரலாற்றைப் படித்து வந்தது அல்ல. எங்கள் தாய்மாமா சென்னை பர்மா பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கி வந்து கொடுத்தார். அது நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த போலி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கூடவே வந்த கேசட்டின்மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருந்தார்கள். தெருவில் எங்களிடம்தான் அத்தனை விளையாட்டுகள் என்று நானும் தம்பியும் பெருமையடித்துக்கொண்டோம். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். முதல் பக்கத்தில் கான்ட்ரா, மாரியோ, டேங்க், ரோடு ஃபைட்டர், வாத்து சுடுவது. அடுத்த பக்கத்தில் அதே மாரியோ வேறொரு பெயரில் இருக்கும், நடுவில் ஏதோ ஒரு கட்டத்திலிருந்து தொடங்கும். அதற்கடுத்த பக்கத்தில் அதே கான்ட்ரா, உயிர் மட்டும் கூடுதலாக. தம்பி ஒரு கோடு போட்ட நோட்டில் எண் போட்டு, எது புதிது, எது பழையதின் மறுபெயர் என்று எழுதிக்கொண்டே வந்தான். கோடை விடுமுறை முடிவதற்குள் நோட்டை மூடிவிட்டான். உண்மையில் வேறு வேறாக இருந்தவை இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்தச் சில விளையாட்டுகளில் டேங்க் இருந்தது. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டிதான் அது. நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. திரையின் கீழே செங்கல் அரணுக்குள் ஒரு கழுகுச் சின்னம். அதை அடிக்க மேலிருந்து பீரங்கி வண்டிகள் இறங்கி வரும். இருவர் சேர்ந்து காக்க வேண்டும். அதில் களத்தை நாமே அமைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் என்று கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு போகலாம். தம்பி கழுகைச் சுற்றி இரும்பு வைக்க மாட்டான். வைத்தால் ஆட்டம் செத்துவிடும் என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான். அதே நோட்டின் பின்பக்கங்களில் கட்டம் போட்டு நாளைக்கு வைக்க வேண்டிய களங்களை வரைய ஆரம்பித்தான். 9999 என்ற எண் தராத ஒன்றை அந்த ஒரு விளையாட்டு அவனுக்குத் தந்தது. ஒன்றை உருவாக்குபவனின் மனநிலை அவனுக்கு அங்கேதான் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சூப்பர் மாரியோ 64 அத்தகைய விளையாட்டு. மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவின் குழு, களங்களை அமைப்பதற்கு முன்பே மாரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்தவிட்டு, ஓடுவது மட்டுமே இன்பமாக இருக்கும்வரை அந்த அசைவைச் செதுக்கியது. ஆட்டம் தொடங்கியதும் கோட்டைக்கு வெளியே ஒரு புல்வெளியில் நிற்பீர்கள். எதிரிகள் இல்லை, நேரக் கெடு இல்லை. கையிலுள்ள குச்சியை லேசாகச் சாய்த்தால் மாரியோ பூனைபோல அடியெடுத்து வைப்பார். இன்னும் சாய்த்தால் நடப்பார். முழுவதும் தள்ளினால் ஓடுவார். மரத்தில் ஏறலாம், அகழியில் குதிக்கலாம். முப்பரிமாணத்தில் ஓர் உடம்பைத் தன் விரலால் நடத்துவது எப்படி என்று உலகெங்கும் பிள்ளைகள் அந்தப் புல்வெளியில்தான் கற்றுக்கொண்டார்கள். நீங்கள் பார்க்கும் காட்சியை மேகத்தின்மேல் உட்கார்ந்து கேமரா பிடிக்கும் லகிட்டு என்ற ஆமை படம் எடுக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். பின்னால் கோட்டைக்குள் பெரிய கண்ணாடி பதித்த அறை ஒன்று வரும். அங்கே மாரியோவின் பிம்பத்துக்குப் பின்னால், கேமராவோடு மிதக்கும் லகிட்டுவும் தெரியும். பார்வைக் கோணம் என்பதே புதிதாக இருந்த காலத்தில், அதை ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இயல்பாகப் புரியவைத்த ஆட்களை 388க்குள் ஓர் எண்ணாக வைத்து எண்ணலாகாது. இந்த விளையாட்டு 8 மெகாபைட்டுக்குள் அடங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நின்டெண்டோவைக் குறை சொல்ல வேண்டுமென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். எல்லோரும் குறுந்தட்டுக்கு மாறிய பிறகும் அது கேசட்டைப் பிடித்துக்கொண்டது. குறுந்தட்டில் 650 மெகாபைட் அளவுக்குக் கொள்ளும். நின்டெண்டோ 64 கேசட்டில் அதிகபட்சம் 64 மெகாபைட். கேசட் செய்ய விலையும் அதிகம், நாளும் அதிகம். விளையாட்டு நிறுவனம் முன்பணம் கட்டி, எத்தனை விற்கும் என்று மாதங்களுக்கு முன்பே ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் தப்பினால் நட்டம் முழுவதும் அதன் தலையில். குறுந்தட்டானால் விற்க விற்கச் சில நாட்களில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஃபேமிகாம் காலத்திலிருந்து கூடவே இருந்த ஸ்கொயர் நிறுவனம் பிரிந்து போய், 1997இல் ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ மூன்று குறுந்தட்டுகளில் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது. டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டுத் தொடரும் அங்கே போயிற்று. நீண்ட கதைகளைச் சொல்லும் அந்த வகை விளையாட்டுகளுக்காகவே கன்சோல் வாங்கும் ஜப்பானில், நின்டெண்டோ 64 சேகாவின் சாட்டர்னுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போனது. சிறிய நிறுவனங்களுக்கு அங்கே வாசலே இல்லை. கேசட்டின் செலவைத் தாங்க முடியாமல் எத்தனை நல்ல விளையாட்டுகள் எழுத்தளவிலேயே நின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்ணிக்கை குறைவுக்கு இத்தனை காரணங்கள் இருக்க, உங்கள் காணொளிக்காரர் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பெட்டியைப் பிரியுங்கள். அது ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததாக இருந்தால், அதன் மின் அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள், எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் குச்சியின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது என்று பொருள். குச்சியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மற்ற மூன்று கேசட்டுகளில் ஒகரினா ஆஃப் டைம் இருந்தால், விட்ட இடத்தை நினைவில் வைப்பதற்கு அதற்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. இத்தனை ஆண்டுகளில் அது தீர்ந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மாரியோவில் எட்டு நட்சத்திரம் சேருங்கள். எட்டு சேர்ந்தால்தான் வில்லன் பவுசரிடம் போகும் முதல் கதவு திறக்கும். அதுவரை விற்பனைக்கு என்று எங்கும் விளம்பரம் போடாதீர்கள்.