டிசி என்றால் எந்த டிசி? குரோஷா, நிட்டிங் பேட்டர்ன் சுருக்கங்கள்: கேள்வி–பதில்

குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பேட்டர்னில் டிசி (டபுள் குரோஷா) என்று இருந்தது, அப்படியே போட்டேன். படத்தில் சால்வை நெருக்கமாக இருக்கிறது. எனக்கு வலை மாதிரி உயரமாக வருகிறது. என் கை தளர்வா?

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கற்றது அமெரிக்க டிசி, பேட்டர்ன் பிரிட்டிஷ் முறையில் எழுதியது. அமெரிக்கர்கள் எஸ்சி (சிங்கிள் குரோஷா) என்பதைத்தான் பிரிட்டிஷார் டிசி என்கிறார்கள். அங்கிருந்து எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும்: அமெரிக்க ஹெச்டிசி (ஹாஃப் டபுள்) அங்கே ஹெச்டிஆர் (ஹாஃப் டிரெபிள்), டிசி அங்கே டிஆர் (டிரெபிள்), டிஆர் அங்கே டிடிஆர் (டபுள் டிரெபிள்).

மனப்பாடம் செய்ய வேண்டாம், ஊசியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்ததும் ஊசியின் மேல் எத்தனை வளையம்? இரண்டு இருந்தால் பிரிட்டிஷ் டபுள், மூன்று இருந்தால் டிரெபிள். அதே ஸ்டிச்சை முடிக்க எத்தனை தடவை நூலைச் சுற்றி இழுக்கிறீர்கள்? ஒரு தடவை என்றால் அமெரிக்க சிங்கிள், இரண்டு என்றால் டபுள், மூன்று என்றால் டிரெபிள். ஒருவர் வளையத்தை எண்ணுகிறார், இன்னொருவர் இழுப்பை எண்ணுகிறார் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. ‘ஹாஃப்’ என்று தொடங்குபவை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

கையில் உள்ள பேட்டர்ன் எந்த முறை? எங்காவது எஸ்சி இருந்தால் அமெரிக்க முறைதான். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்று ஒன்று கிடையாது. ஒரு ஸ்டிச்சைத் தாண்டுவதற்கு ‘ஸ்கிப்’, ஸ்டிச் நெருக்கத்தின் அளவுக்கு ‘கேஜ்’ என்பது அமெரிக்க வழக்கு. அவற்றுக்கே ‘மிஸ்’, ‘டென்ஷன்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. எதுவுமே இல்லையா? வரிசை தொடங்கும் இடத்தில் எத்தனை சங்கிலி போடச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். 1 சங்கிலிக்குப் பின் டிசி வந்தால் அது குட்டையான பிரிட்டிஷ் டிசி. 3 சங்கிலிக்குப் பின் வந்தால் உயரமான அமெரிக்க டிசி. இதைக் கவனிக்காமல் நான் ஒரு குழந்தைப் போர்வையை இருபது வரிசை போட்டு, முழுவதும் பிரித்திருக்கிறேன்.

நட்சத்திரக் குறியும் அடைப்புக்குறியும் வந்தாலே கை நின்றுவிடுகிறது. எத்தனை முறை செய்வது?

நட்சத்திரம் ‘இங்கிருந்து திரும்பச் செய்’ என்பதற்கான அடையாளம். நிட்டிங்கில் கே என்பது நிட் (நேர்ப் பின்னல்), பி என்பது பர்ல் (எதிர்ப் பின்னல்). ‘*கே2, பி2, *-இலிருந்து மேலும் 3 முறை’ என்று இருந்தால், ஏற்கெனவே ஒரு முறை செய்துவிட்டீர்கள், இன்னும் மூன்று. ஆக நான்கு முறை, 16 ஸ்டிச். அதுவே ‘(கே2, பி2) 3 முறை’ என்றால் மொத்தமே மூன்று முறைதான், 12 ஸ்டிச். ‘மேலும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

குரோஷாவில் அடைப்புக்குறிக்கு வேறொரு வேலையும் உண்டு. ‘(2 டிசி, 1 சங்கிலி, 2 டிசி) அடுத்த ஸ்டிச்சில்’ என்றால், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே ஓட்டைக்குள் போக வேண்டும். சதுரத்தின் மூலை திரும்புவது இப்படித்தான்.

உடைகளில் ‘84 (92, 100, 108)’ என்று வருவது அளவுகள். வேலை தொடங்கும் முன் உங்கள் அளவுக்குரிய எண்ணைப் பேட்டர்ன் முழுக்கப் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள். மூன்றாவது எண் உங்களுடையது என்றால் கடைசி வரை மூன்றாவதுதான்.

‘அடுத்த ஸ்டிச்சில் 2 டிசி’, ‘அடுத்த 2 ஸ்டிச்சில் டிசி’: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவதில் ஒரே ஸ்டிச்சுக்குள் இரண்டு போடுகிறீர்கள், எண்ணிக்கை ஒன்று கூடும். இரண்டாவதில் ஒவ்வொன்றிலும் ஒன்று, எண்ணிக்கை மாறாது. வட்டம் கிண்ணம் மாதிரி குழிந்தாலோ, ஓரம் அலை அலையாக எழும்பினாலோ முதலில் இந்த இடத்தைச் சோதியுங்கள்.

குரோஷா வரைபடத்தில் உள்ள குச்சிகளை எப்படிப் படிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வரைபடத்தில் அமெரிக்கா, பிரிட்டன் சண்டை இல்லை. எழுத்தில் பெயர் மாறலாம், படம் மாறாது. நீள்வட்டம் சங்கிலி. கறுப்புப் புள்ளி ஸ்லிப் ஸ்டிச். பெருக்கல் அல்லது கூட்டல் குறி அமெரிக்க எஸ்சி. தலையில் படுக்கைக் கோடு உள்ள வெறும் குச்சி ஹெச்டிசி. குச்சியின் நடுவே சாய்கோடு ஒன்று இருந்தால் அமெரிக்க டிசி, இரண்டு இருந்தால் டிஆர். அந்தச் சாய்கோடுகளை எண்ணினால், ஊசியை உள்ளே விடும் முன் நூலை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

குச்சிகள் அடியில் சேர்ந்திருந்தால் ஒரே இடத்தில் போட வேண்டியவை, அதாவது கூட்டல். தலையில் சேர்ந்திருந்தால் சேர்த்து முடிக்க வேண்டியவை, அதாவது குறைத்தல். வரிசைக்கு வரிசை நிறம் மாறுவதைப் பார்த்து நூல் மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் வரிசையைப் பிரித்துக் காட்டத்தான் அது. ஜப்பானியப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் வரைபடமாகவே இருப்பதால், மொழி தெரியாமலே நிறையப் புரிந்துகொள்ளலாம்.

நிட்டிங் வரைபடத்தில் முதல் வரிசை சரியாக வருகிறது, இரண்டாவது தலைகீழாகிறது. ஏன்?

வரைபடம் துணியின் முன்பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் படியுங்கள். அப்புறம், பின்பக்கத்தில் ஸ்டிச்சும் மாறும்: வெற்றுக் கட்டம் முன்பக்கத்தில் நிட் என்றால் பின்பக்கத்தில் பர்ல். காலுறை மாதிரி வட்டமாகப் பின்னும்போது இந்தத் தொல்லையே இல்லை. எப்போதும் வலமிருந்து இடம்தான்.

வலப்பக்கம் சாயும் கோடு கே2டாக் (இரண்டு ஸ்டிச்சைச் சேர்த்து நிட்), இடப்பக்கம் சாயும் கோடு எஸ்எஸ்கே (இரண்டை நழுவவிட்டுச் சேர்த்து நிட்). இரண்டுமே ஒரு ஸ்டிச் குறைப்பவை. பின்னி முடித்த ஸ்டிச் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்குமோ அப்படியே கோட்டைப் போட்டிருக்கிறார்கள். சிறு வட்டம் ஒய்ஓ, அதாவது நூலைச் சுற்றி ஓட்டை விடுவது. ஒரு வரிசையில் வட்டங்களும் இந்தச் சாய்கோடுகளும் சமமாக இருந்தால் ஸ்டிச் எண்ணிக்கை மாறக் கூடாது. மாறினால் அங்கேயே நிறுத்தித் தேடுங்கள். விட்டுப்போனது பெரும்பாலும் ஒரு ஒய்ஓதான். சாம்பல் நிறக் கட்டம் ‘இங்கே ஸ்டிச் இல்லை’ என்பதற்கு. அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பேட்டர்னில் ‘8-ஆம் நம்பர் நிட்டிங் ஊசி’ என்று மட்டும் இருக்கிறது. எதை எடுப்பது?

பழைய பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். எந்த நாட்டுப் பேட்டர்ன் என்று தெரியாவிட்டால், 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிச் என்று போட்டிருக்கும் வரியைத் தேடுங்கள். இரண்டு ஊசியிலும் அதைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம் ஒன்று பின்னி, நடுவில் அளந்து பாருங்கள். கணக்கு ஒத்துவருகிற ஊசிதான் உங்களுடையது.