கருவளையத்துக்கு வாயு ஊசி: போட்டுக்கொண்டவளின் பதில்

கண்ணுக்குக் கீழே கருவளையம் போகக் கார்பன் டை ஆக்சைடு ஊசி போடலாமா, வாயுவை ஏற்றினால் ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரம் ஒன்றாக ஆறு முறை போட்டுக்கொண்டேன். எனக்கும் முதலில் இந்தப் பயம்தான் வந்தது.

ரத்தக்குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் ஆபத்து என்பது உண்மை. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது ரத்தத்தில் லேசில் கரையாது, அடைத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடோ ஆக்ஸிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு கரையும். மூச்சோடு வெளியே போய்விடும். லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவை சிகிச்சை செய்யும்போது வயிற்றை உப்ப வைப்பதும் இதே வாயுதான். ஆனால் மருத்துவத்துக்கான சுத்தமான வாயுவும், அளவாக விடும் கருவியும், தோல் மருத்துவரின் கையும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி மயிரிழை போல மெல்லியது, குத்தியதே தெரியவில்லை. வாயு இறங்கும்போதுதான் தோலை உள்ளிருந்து யாரோ பிரிப்பதுபோல ஒரு இறுக்கம், கூடவே எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் தேனீ கொட்டியதுபோலக் கீழ் இமை வீங்கியிருந்தது. விரல் வைத்தேன், உள்ளே நறநறவென்றது. பயந்துபோனேன். கால் மணி நேரத்தில் வடிந்துவிட்டது. மூன்றாம் முறை ரத்தம் கட்டி, ஒரு வாரம் நீலமாகவே இருந்தது.

வாயு சேரும் இடத்தில் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்தமும் ஆக்ஸிஜனைக் கூடுதலாக இறக்கிவிடும். இந்த இரண்டாவது விஷயத்தை 1904லேயே கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் உடலியல் அறிஞர் காட்டிவிட்டார். பிரான்ஸின் ருவாயா ஊற்றுத் தலத்தில் 1930களில் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இந்த வாயுவால் சிகிச்சை கொடுத்தார்கள். அழகு சிகிச்சையானதெல்லாம் பிறகுதான்.

ஊசி வேலை செய்வது ரத்த ஓட்டத்தில்தான். ஆகவே, உங்கள் கருவளையம் எந்த வகை என்பதே முக்கியம். தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் காரணமாக இருக்கலாம். பழுப்பு அப்படியே இருந்தால் நிறமி. முகத்தை வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்தியதும் மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். எனக்கு நீலம், நான்காவது ஊசிக்குப் பிறகு நன்றாகவே வெளுத்தது, சில மாதங்களில் பாதி திரும்பி வந்தது. அக்காவுக்குப் பழுப்பு. அதே மருத்துவர், அதே ஆறு ஊசி, துளி மாற்றமில்லை. அவள் அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதல் நாளே யாராவது அவள் தோலை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

வயிற்றுக் கொழுப்புக்கும் போடச் சொல்வார்கள். 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 16 பேருக்கு வயிற்றின் ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் வெறும் பாவனை என்று செய்து பார்த்தார்கள். 5 வாரத்தில் வாயு ஏற்றிய பக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது, 28ஆம் வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. என் கருவளையத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

கர்ப்பமாக இருந்தாலோ, இதயம், நுரையீரல் கோளாறு இருந்தாலோ, போடும் இடத்தில் புண் இருந்தாலோ வேண்டாம். இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடு லேசர் என்பது தோலைச் சுட்டு எடுக்கும் வேறு சிகிச்சை. பெயர் ஒட்டி வருவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களுக்குச் சொன்னது ஊசியா லேசரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.