கேளுங்கள், சொல்கிறோம்: நிலநடுக்கத்தை எழுதிய ஊசி

எங்கள் ஊர்த் தலையாட்டி பொம்மையை மேஜையில் வைத்தால் நிலநடுக்கம் வந்ததைக் காட்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

ஆடும், ஆனால் எதையும் அளக்காது. அடி கனத்த பொம்மை தரையோடு சேர்ந்தே போய் உடனே நிமிர்ந்துவிடும். நிலநடுக்கமானிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: தரை நகரும்போது கூடவே ஓடாமல் பின்தங்கி நிற்கிற எடை. எடைக்கும் தரைக்கும் நடுவே விழும் வித்தியாசத்தைத்தான் ஊசி எழுதுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் எமில் வீகெர்ட் செய்த கருவி, பொம்மையைத் தலைகீழாக்கியது போலவே இருக்கும். 1,000 கிலோ எடை மேலே, மெல்லிய தாங்கி கீழே. சாய்ந்து விழாமலிருக்க வலுக்குறைந்த ஸ்பிரிங்குகள். நிமிர்த்தும் விசை குறைவு என்பதால் ஆட்டம் மெதுவாகிறது.

ஆயிரம் கிலோ நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக அல்ல, ஊசியின் உராய்வைச் சமாளிப்பதற்காக. நெம்புகோல்களை வைத்து அசைவை 200 மடங்கு பெருக்கினால், கரி படிந்த தாளில் ஊசி உரசும் தடையும் 200 மடங்காகி எடையைப் பிடித்து இழுக்கும். எடை சிறியது என்றால் ஊசி சொல்கிறபடிதான் அது நடக்கும்! நிலநடுக்க ஆய்வாளர் ஜான் மில்ன் வேறு வழி பார்த்தார். ஊசிக்குப் பதில் ஒளிப்படத் தாளில் விழும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு உராய்வு ஏது? இலேசான எடையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கொடைக்கானல் வானாய்வகத்துக்கு முதலில் வந்தது அந்த மில்ன் வகைதான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்ய வேண்டும். கயிற்றில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதுமா?
— ஆசிரியை, மன்னார்குடி

போதாது. ஒரு மீட்டர் கயிற்று ஊசல் போய்வர 2 விநாடி ஆகும். தூரத்து நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலை ஒவ்வொன்றும் 20 விநாடி அளவு நீளும். அவ்வளவு மெதுவான ஊசலுக்கு 100 மீட்டர் கயிறு வேண்டும். பெரிய கோயில் விமான உச்சியில் கட்டினாலும் பற்றாது. இதற்காகத்தான் 1880 வாக்கில் டோக்கியோவில் ஜேம்ஸ் யூயிங், கதவு போலப் பக்கவாட்டில் ஆடும் கிடை ஊசலைப் பயன்படுத்தினார். அதைச் செய்வது எளிது.

60 செ.மீ. நீளமுள்ள கனத்த பலகை. அதன் ஒரு முனையில் 40 செ.மீ. கம்பம். 30 செ.மீ. இரும்புக் கோலின் ஒரு முனையைக் கூராக்கி, கம்பத்தின் அடியில் பதித்த போல்ட்டின் குழிவில் முட்டுக்கொடுங்கள். மறுமுனையில் 2 கிலோ எடை. எடைக்கு அருகிலிருந்து கம்பத்தின் உச்சிக்கு முறுக்கில்லாத ஒற்றைக் கம்பி. பலகைக்கு அடியில் மூன்று திருகுகள்: கம்பத்தின் பக்கம் இரண்டு, எடையின் பக்கம் ஒன்று. பின் திருகுகள் கோலை நடுவில் நிறுத்தும். முன் திருகை உயர்த்த உயர்த்த ஆட்டம் மெதுவாகும். சுழலும் அச்சு (போல்ட் குழிவிலிருந்து கம்பத்தின் உச்சிக்குப் போகும் கோடு) செங்குத்திலிருந்து 2.8 பாகை முன்சாய்ந்தால் ஓர் ஆட்டத்துக்கு 5 விநாடி, 0.7 பாகை என்றால் 10 விநாடி. கோணத்தை அளந்துகொண்டிருக்க வேண்டாம். பத்து ஆட்டத்தை ஸ்டாப்வாட்சில் எண்ணிப் பத்தால் வகுங்கள். 5 விநாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பேராசைப்பட்டால் கோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே நின்றுவிடும்.

எழுதுவதற்கு, பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டும் அதைச் சுழற்றும் மோட்டாரும் போதும். யூயிங்கின் கருவியிலும் கரி படிந்த கண்ணாடித் தட்டுதான் சுழன்றது. மோட்டார் 220 வோல்ட்டா, 21 அல்லது 30 வோல்ட்டா என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். இணைப்பை எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும். கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே கரி பிடியுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்பாகத் தெரிய வேண்டும். அட்டைக் கறுப்பானால் பொருக்காக உதிரும். எழுதுகோலுக்குத் தென்னை ஈர்க்கின் நுனி. கோல், ஈர்க்கு வரையும் வட்டத்துக்குத் தொடுகோடாக அமைய வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டு அசைவு வட்டத்தின் உள்ளும் வெளியும் கோடாக விழும்.

பலரும் மறப்பது தணிப்பு, அதாவது ஊசலின் சொந்த ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு. மில்னின் பழைய கருவிகளில் அது இல்லை. ஒருமுறை தட்டினால் ஊசல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும், எது நிலம், எது ஊசல் என்று பிரிக்க முடியாது. எடைக்கு அடியில் 4 செ.மீ. சதுரத் தகட்டைத் தொங்கவிட்டு என்ஜின் ஆயில் கிண்ணத்தில் முக்குங்கள். தகட்டின் அகன்ற முகம் அசையும் திசையைப் பார்க்கட்டும். கோலை ஒரு செ.மீ. இழுத்து விட்டால், மறுபக்கம் கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டு அடங்க வேண்டும். ஊர்ந்து வந்து நின்றால் எண்ணெய் அதிகம். ஆட்ட நேரத்தை எண்ணெய் இல்லாமல் அளந்துகொள்ளுங்கள். கண்காட்சி அரங்கில் மின்விசிறி இருக்கும். பெட்டி போட்டு மூடாவிட்டால் காற்றைத்தான் பதிவுசெய்வீர்கள்.

பதிவைக் காப்பாற்ற, தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் அவலரக்குக் கரைசலை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஓரத்திலிருந்து ஓடவிடுங்கள். பிரஷ் தொட்டால் கோடு போய்விடும்.

சீனத்தில் டிராகன் வாயிலிருந்து தவளை வாயில் குண்டு விழுமாமே, அது நிஜமா?
— வாசகர், கும்பகோணம்

சீன அறிஞர் சாங் ஹெங் கி.பி. 132-இல் அரசவைக்குக் கொடுத்த வெண்கலப் பாத்திரம். எட்டுத் திசைக்கு எட்டு டிராகன். கருவி இன்று இல்லை. உள்ளே நடுவில் ஒரு தூண் இருந்ததாகப் பழைய குறிப்பு சொல்கிறது; அருங்காட்சியகங்களில் நிற்பவை ஊகத்தில் செய்த மாதிரிகள். அது நிலநடுக்கம் வந்ததை அறிவிக்கும், எழுதிவைக்காது. திசை சொல்வதிலும் சிக்கல் உண்டு. முதல் அலை நிலத்தை மையத்திலிருந்து தள்ளவும் செய்யும், மையத்தை நோக்கி இழுக்கவும் செய்யும். கிழக்கு டிராகன் குண்டைத் துப்பினால் மேற்கையும் சந்தேகிக்க வேண்டும்.

2004 சுனாமியின்போது நாகையில் ஒரு பழைய மில்ன் கருவி இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமா?
— வாசகர், நாகப்பட்டினம்

கருவி பதிவுசெய்திருக்கும். சுமத்ரா அருகே நம் நேரம் காலை 6.29-க்கு நிலம் உடைந்தது. முதல் நில அதிர்வு அலை சுமார் 4 நிமிடத்தில் நாகைக்கு வந்துவிடும். கடல் வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. ஆனால் ஒளிப்படத் தாளைக் கழுவிப் பார்த்தால்தான் பதிவு தெரியும். ஓர் ஊரின் கருவி தூரத்தைத்தான் சொல்லும், இடத்தைக் குறிக்க மூன்று ஊர் வேண்டும். அந்தத் தூரக் கணக்கும் நுட்பமானது. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையிலான விநாடியை 8-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும் என்பார்கள். அது சில நூறு கிலோமீட்டருக்குத்தான் சரி. சுமத்ராவுக்கு அப்படிப் பெருக்கினால் சுமார் 1,600 கி.மீ. வரும், உண்மையில் 1,900-க்கு மேல். ஆழத்தில் அலைகள் வேகமாக ஓடுவதால் வரும் பிழை இது.

இத்தகைய கருவியை நம் வயல் பக்கம் நிரந்தரமாக வைக்கலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

வைக்கலாம், நிம்மதி இருக்காது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். 30 செ.மீ. கோலை 15 விநாடிக்கு அமைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 60 செ.மீ. அகலத்துக்கு ஒரு பக்கம் 0.17 மி.மீ. உயர்ந்தாலே கோல் நுனி ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரத்தில் தினமும் திருகைத் தொட வேண்டிவரும். வங்கக் கடல் அலையின் நடுக்கமும் ஓயாமல் பதிவாகும். வைத்தே ஆக வேண்டுமென்றால், தரையில் குழி வெட்டி, கட்டடத்தின் அஸ்திவாரத்தைத் தொடாத தனிக் கான்கிரீட் தூண் எழுப்பி, சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு அதன் மேல் வையுங்கள். இடைவெளியில் மணல் கொட்ட வேண்டாம். காலடிச் சத்தம் அதன் வழியே தூணுக்குப் போய்விடும்.