படிப்பு முடியும் முன் உரிமம் வேண்டுமா? இசைச் சிகிச்சை மாணவர்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவில் இசைச் சிகிச்சை படித்துக்கொண்டிருப்பவர்களும், படிப்பை முடித்துவிட்டு தொழிற்சான்றுக்கான வாரியத் தேர்வுக்குக் காத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. மாணவர்களின் உள்ளகப் பயிற்சியை மேற்பார்வையிடும் சிகிச்சையாளர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜார்ஜியாவில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் ஒரு நாள் முதியோர் பராமரிப்பு மையத்தில் களப்பயிற்சி. எங்கள் மாநிலத்தில் உரிமம் கட்டாயம் என்கிறார்கள். உரிமம் இல்லாமல் நான் நோயாளிகளைப் பார்ப்பது சட்டப்படி தவறாகாதா, மேடம்?

தவறாகாது. ஜார்ஜியாவில் 2012-இல் வந்த சட்டம், உரிமம் இல்லாதவர் இசைச் சிகிச்சை அளிப்பதைத் தடுக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட படிப்பின் ஓர் அங்கமாக மாணவர் செய்யும் பயிற்சிக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. உரிமச் சட்டம் இயற்றிய மற்ற மாநிலங்களிலும் இத்தகைய விலக்கைக் காணலாம்.

அந்த விலக்கு தனி மனிதராகிய உங்களுக்குத் தரப்பட்டதன்று. உங்கள் படிப்புக்கும் அதன் கீழ் நடக்கும் பயிற்சிக்கும் தரப்பட்டது. அதனால்தான் இரண்டு நிபந்தனைகள் பிறக்கின்றன. நீங்கள் செய்யும் வேலை பாடத்திட்டத்துக்குள் இருக்க வேண்டும்; உங்களை நீங்களே சிகிச்சையாளர் என்று அறிவித்துக்கொள்ளக் கூடாது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று நழுவும் இடத்தைப் பற்றியவையே.

கேள்வி: எம்.டி.-பி.சி. சான்று வாங்கினால் போதும், மாநில உரிமம் என்பது வெறும் சம்பிரதாயம் என்று என் சீனியர் சொல்கிறார். உண்மையா?

அவர் எந்த மாநிலத்தில் வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம்.

எம்.டி.-பி.சி. என்பது 1983-இல் தொடங்கப்பட்ட இசைச் சிகிச்சையாளர் சான்றளிப்பு வாரியம் தரும் தொழிற்சான்று. நாடு முழுவதும் ஒன்றே. அரசு தருவதன்று. உரிமம் என்பது அந்தந்த மாநில அரசு தருவது. வடக்கு டகோட்டாவும் நெவாடாவும் 2011-இல் இதற்கெனச் சட்டம் இயற்றின. அதன்பின் வேறு பல மாநிலங்களும் சேர்ந்தன. கலிபோர்னியாவில் உரிமம் இல்லை, பட்டப்பெயரைப் பாதுகாக்கும் சட்டம் மட்டும் இருக்கிறது. அதாவது, தகுதியில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. தனிச் சட்டமே இல்லாத மாநிலங்களும் உண்டு. அங்கே வேலை தருபவர் கேட்பதே விதி, அவர்கள் பெரும்பாலும் எம்.டி.-பி.சி.யைத்தான் கேட்பார்கள்.

உரிமம் தரும் மாநிலங்கள் பலவும் அதே வாரியத் தேர்வையே தகுதியாக ஏற்கின்றன. ஆகவே சான்று கிடைத்தபின் உரிமத்துக்குப் படிவம், கட்டணம், சில இடங்களில் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவையே மிஞ்சும். பார்வைக்குச் சம்பிரதாயம் போலத் தோன்றுவது இதனால்தான். ஆனால் அந்தப் படிவம் அங்கீகரிக்கப்படும் வரை நீங்கள் அந்த மாநிலத்தில் சிகிச்சையாளர் அல்ல.

கேள்வி: 1,200 மணி நேரக் கணக்கு எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது. என் பல்கலைக்கழகத்தில் களப்பயிற்சி 200 மணி நேரம், உள்ளகப் பயிற்சி 1,000 மணி நேரம் என்கிறார்கள். தோழியின் கல்லூரியில் வேறு கணக்கு.

இரண்டும் சரியாக இருக்கலாம். அமெரிக்க இசைச் சிகிச்சைச் சங்கத்தின் நெறிமுறைப்படி மொத்தப் பயிற்சி குறைந்தது 1,200 மணி நேரம். அதில் உள்ளகப் பயிற்சிக்கு முந்தையது 180 மணி நேரத்துக்கும், உள்ளகப் பயிற்சி 900 மணி நேரத்துக்கும் குறையக் கூடாது. கூட்டினால் 1,080தான் வருகிறது. மீதி 120 மணி நேரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது கல்லூரியின் விருப்பம். ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் இதே எண்களைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பதால், மணி நேரப் பதிவேட்டை அலட்சியமாக வைத்திருப்பவர் உரிம விண்ணப்பத்தின்போது திண்டாடுவார். ஒவ்வொரு பருவ முடிவிலும் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். அவர் வேலை மாறிப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது எளிதன்று.

கேள்வி: உள்ளகப் பயிற்சி செய்யும் மருத்துவமனையில் செவிலியர்கள் என்னை நோயாளிகளிடம் 'இவர்தான் நம் மியூசிக் தெரபிஸ்ட்' என்று அறிமுகம் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மறுத்துச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. சமூக வலைத்தளத்திலும் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளாதீர்கள். செவிலியர் சொல்வதையும் மென்மையாகத் திருத்துங்கள்.

சட்டத்தின் விலக்கு உங்களை 'மாணவர்' என்ற பெயரோடுதான் காக்கிறது. அந்தப் பெயரைக் கழற்றிவிட்டால் பாதுகாப்பும் போய்விடும். நோயாளியின் உரிமையும் இதில் இருக்கிறது: தன் படுக்கையருகே கிட்டாரோடு வந்து நிற்பவர் பயிற்சியில் இருப்பவர் என்று தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. என் மாணவர்களுக்கு நான் பழக்கும் அறிமுக வாசகம் இதுதான்: 'வணக்கம், நான் இசைச் சிகிச்சை உள்ளகப் பயிற்சி மாணவி. என் மேற்பார்வையாளருடன் சேர்ந்து வேலை செய்கிறேன். இப்போது சிறிது நேரம் உங்களோடு இருக்கலாமா?' இதைச் சொல்ல பத்து விநாடிகூட ஆகாது. முதல் வாரம் தயங்குவார்கள், இரண்டாம் வாரத்தில் தானாகவே வாயில் வந்துவிடும்.

அடையாள அட்டையில் 'பயிற்சி மாணவர்' என்ற சொல் தெரிய வேண்டும். பல மருத்துவமனைகளின் மென்பொருள் துறையின் பெயரை மட்டும் அச்சிட்டுவிடும், அப்படியானால் மனிதவளத் துறையிடம் கேட்டு மாற்றுங்கள். நோயாளியின் பதிவேட்டில் குறிப்பு எழுதும்போது உங்கள் பெயருக்குப் பின் பயிற்சி நிலையை எழுதி, மேற்பார்வையாளரின் இணைக் கையெழுத்தையும் வாங்குங்கள். சமூக வலைத்தளத்தில் 'இசைச் சிகிச்சை மாணவர்' என்று போடுவதில் எந்தக் குறையும் இல்லை. இன்னும் எழுதாத தேர்வின் சான்றெழுத்துகளை, 'விரைவில்' என்ற சொல்லோடு சேர்த்தும்கூட, பெயருக்குப் பின் போடாதீர்கள். தேடுபொறியில் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த 'விரைவில்' படாது.

கேள்வி: சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் பாடுவதற்குக் கூப்பிடுகிறார்கள், பணமும் தருகிறார்கள். படிக்கும் காலத்தில் இதை ஏற்கலாமா?

பாடகராக ஏற்கலாம். உரிமச் சட்டங்கள் இசை நிகழ்த்துவதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய மாத நிகழ்ச்சி அட்டவணையில் அது எப்படி அச்சாகிறது என்பதைப் பாருங்கள். 'இசை நேரம்' என்றிருந்தால் நல்லது. 'இசைச் சிகிச்சை' என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், மாற்ற மறுத்தால் விலகிவிடுங்கள். அதேபோல், தனி நபருக்கு இலக்கு வகுத்து, முன்னேற்றத்தை அளந்து, குறிப்பு எழுதத் தொடங்கினால், பெயர் என்னவாக இருந்தாலும் அது சிகிச்சைதான். பாடத்திட்டத்துக்கு வெளியே கூலிக்குச் செய்யும் அந்த வேலைக்கு மாணவர் விலக்கு பொருந்தாது. வெளிநாட்டு மாணவர் என்றால் இதில் விசா சிக்கலும் இருக்கிறது; வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றிக் கூலி வாங்குவதே மீறலாகிவிடும்.

கேள்வி: என் மேற்பார்வையாளர் ஒரு வாரம் விடுப்பில் போகிறார். அமர்வுகளை நானே தனியாக நடத்தலாமா? பக்கத்திலேயே செவிலியர் இருப்பார்.

செவிலியர் இருப்பது மேற்பார்வையாகாது. மேற்பார்வை என்பது எப்போதும் ஒரே அறையில் நிற்பது என்ற பொருளில் இல்லை. பயிற்சியின் பிற்பகுதியில் மாணவர் தனியே அமர்வு நடத்துவது இயல்புதான். ஆனால் அந்த அமர்வுக்குப் பொறுப்பேற்கும் தகுதி பெற்ற ஒருவர் தொடர்பில் இருக்க வேண்டும். விடுப்புக் காலத்துக்கு மாற்று மேற்பார்வையாளர் யார் என்பதைப் பல்கலைக்கழகமும் பயிற்சி இடமும் முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். அப்படி யாரும் கிடைக்கவில்லையென்றால் அந்த வாரம் ஆவணப் பணி செய்யுங்கள்.

கேள்வி: மே மாதம் உள்ளகப் பயிற்சி முடிகிறது. ஒரு நிறுவனம் ஜூன் முதல் தேதியே வேலைக்கு வரச் சொல்கிறது. தேர்வு இன்னும் எழுதவில்லை. 'பரவாயில்லை, முதலில் சேருங்கள்' என்கிறார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்கும்போது மாணவர் விலக்கு காத்தது. உரிமம் வந்தபின் உரிமம் காக்கும். நடுவில் உள்ள சில வாரங்களில் உங்களைக் காக்க எதுவுமில்லை. பயிற்சி முடிந்த மறுநாளே நீங்கள் மாணவரும் அல்ல, சிகிச்சையாளரும் அல்ல. அந்த நாட்களில் உரிம மாநிலம் ஒன்றில் 'இசைச் சிகிச்சையாளர்' என்ற பதவியில் சேர்ந்தால், குற்றம் உங்கள் பெயரில்தான் விழும். நிறுவனம் 'பரவாயில்லை' என்று சொன்னதை மாநில வாரியம் கேட்டுக்கொண்டிருக்காது.

உள்ளகப் பயிற்சி உட்பட எல்லாத் தேவைகளும் முடிந்தபின்தான் வாரியத் தேர்வு எழுதத் தகுதி வருகிறது. கணினி வழித் தேர்வு. 150 கொள்குறி வினாக்கள், மூன்று மணி நேரம். அவற்றில் 130 மட்டுமே மதிப்பெண்ணில் சேரும், மற்ற 20 வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. நிறுவனத்துடன் பேசி, சேரும் தேதியைச் சான்றும் உரிமமும் கிடைக்கும் நாளோடு இணைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால், 'நிகழ்ச்சி உதவியாளர்' போன்ற வேறு பதவிப் பெயரில் சேரலாம். ஆனால் பணி விவரமும் அந்தப் பெயருக்கேற்ப இருக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டுச் சிகிச்சை அமர்வுகளை நடத்தச் சொன்னால் அது உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். உள்ளகப் பயிற்சிக்கும் அதற்குப் பிந்தைய வேலைக்கும் தனித்தனி அனுமதி வேண்டுமா?

வேண்டும். உள்ளகப் பயிற்சி பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்பதால் அது சி.பி.டி. அனுமதியில் (படிக்கும்போதே பாடத்தின் அங்கமாக வேலை செய்வதற்கான அனுமதி) வரும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அதை உங்கள் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தில் பதிந்த பிறகே தொடங்குங்கள். ஊதியமில்லாப் பயிற்சியானாலும் அப்படிச் செய்வதே பாதுகாப்பு. முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் அதே பட்ட நிலையில் ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் அதே துறையில் வேலை செய்வதற்கான அனுமதி) கிடைக்காது. உள்ளகப் பயிற்சி பொதுவாக ஆறு மாத அளவில் முடிவதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

சிக்கல் ஓ.பி.டி.யில்தான். அது 12 மாதம். தொடக்க நாளிலிருந்து மொத்தம் 90 நாள் வரைதான் வேலையில்லாமல் இருக்கலாம். மேலே சொன்ன நடு வாரங்கள் இந்த 90 நாளைத் தின்றுவிடும். நீங்கள் வேலைக்குத் தயாராக இருப்பீர்கள், ஆனால் உரிமம் இல்லாமல் தொடங்க முடியாது; விசாக் கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம். தொடக்கத் தேதியையும் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எனவே விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, தொடக்கத் தேதியை அந்த 60 நாளின் பின்பகுதியில் வையுங்கள். பெரும்பாலானோர் படிப்பு முடிந்த மறுநாளையே தேதியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

கேள்வி: நியூயார்க்கில் முதுகலை முடிக்கப் போகிறேன். இங்கே சட்டம் வேறு என்கிறார்களே?

முற்றிலும் வேறு. அங்கே இசைச் சிகிச்சைக்கென்று தனி உரிமம் இல்லை. ஓவியம், நடனம், நாடகம் ஆகியவற்றோடு சேர்த்துக் 'கலைவழிச் சிகிச்சையாளர்' என்ற ஒரே உரிமம்தான். அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையில் 1,500 மணி நேர அனுபவமும் தேர்வும் வேண்டும். இளங்கலையோடு எம்.டி.-பி.சி. வைத்திருப்பவர் வேறு மாநிலத்திலிருந்து வந்து அதை மட்டும் காட்டினால் உரிமம் கிடைக்காது.

ஆனால் நியூயார்க் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பட்டம் முடிந்து, அந்த 1,500 மணி நேரத்தைச் சேர்க்கும் காலத்துக்கு 'வரையறுக்கப்பட்ட அனுமதி' என்ற ஒன்றைத் தருகிறது. மற்ற இடங்களில் நான் குறை சொன்ன அந்த நடுக்காலத்துக்கு இங்கே முறையான பெயரும் சட்டமும் உண்டு. அனுமதி குறிப்பிட்ட மேற்பார்வையாளரோடும் பணியிடத்தோடும் கட்டப்பட்டது. அவர் மாறினாலோ நீங்கள் இடம் மாறினாலோ மாநிலத்துக்குத் தெரிவிக்காமல் தொடர வேண்டாம். அனுமதி கைக்கு வருமுன் செய்த வேலையை அனுபவக் கணக்கில் காட்டவும் முயல வேண்டாம்.

கேள்வி: காணொளி வழியாக வேறு மாநிலத்தில் உள்ள குழந்தைக்கு அமர்வு நடத்தச் சொல்கிறார்கள்.

நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைவிட, குழந்தை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். பொதுவாக நோயாளி இருக்கும் மாநிலத்தின் விதியே பொருந்தும். உங்கள் மேற்பார்வையாளருக்கு அங்கே உரிமம் தேவையா, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவருக்கே உரிமை இல்லாத இடத்தில் அவர் நிழலில் நிற்கும் மாணவருக்கு உரிமை வராது.

கேள்வி: பொறியியல் பட்டம் பெற்றவள், கர்நாடக இசை 14 ஆண்டு கற்றிருக்கிறேன். நேரடியாக உள்ளகப் பயிற்சியில் சேரலாமா?

சேர முடியாது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் இசைச் சிகிச்சைப் பாடங்களையும் பயிற்சியையும் மட்டும் முடித்து இணையான தகுதி பெறும் படிப்பு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் இசையில் இளங்கலை முடித்தவர்களை எதிர்பார்க்கும். உங்கள் குரல் வளம் கைகொடுக்கும். கிட்டாரும் பியானோவும் தனியே கற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் நடத்திய அமர்வுகளுக்கு என் பயிற்சி இடம், மேற்பார்வையாளர் நடத்தியதாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்புகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான் மாணவிதானே, எனக்கு இதில் என்ன பொறுப்பு?

குறிப்பில் கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பு உண்டு. மாணவர் நடத்திய அமர்வுக்குக் கட்டணம் கேட்கலாமா என்பது பணம் தருபவரின் விதியைப் பொறுத்தது. சிலர் சான்று பெற்றவரே நேரில் செய்ய வேண்டும் என்பார்கள். கேட்கலாமோ கூடாதோ, நடத்தியவர் யார் என்பதை மறைக்கக் கூடாது. நடத்தியது நீங்கள் என்றும், மேற்பார்வையாளர் அறையில் இருந்தாரா இல்லையா என்றும் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். பிறகு மேற்பார்வையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்; வாய்ப்பேச்சாக வேண்டாம். பதில் மழுப்பலாக இருந்தால், அதே மின்னஞ்சலை உங்கள் பல்கலைக்கழகத்தின் பயிற்சி இயக்குநருக்கு அனுப்பி, வேறு இடத்தில் மீதி மணி நேரத்தை முடிக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இதுவரை முடித்த மணி நேரத்துக்கான கையெழுத்தை மட்டும், அதை அனுப்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.