தாத்தாவின் சீட்டுக்கட்டை நனைத்துப் பார்க்கலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு அமெரிக்கச் சீட்டுக்கட்டு கிடைத்தது. சீட்டுக்குச் சீட்டு போர் விமானங்களின் கறுப்பு நிழலுருவம். பழம்பொருள் புரோக்கர் ஒருவர், "உள்ளே ரகசிய மேப் இருக்கும், ஒரு சீட்டை நனைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் போகும். ஏற்றுமதி சர்டிபிகேட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார். நம்பலாமா? – பெரம்பூர் வாசகர்

பதில்: நனைக்காதீர்கள். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

மேப் கட்டு என்று ஒன்று இருந்தது உண்மைதான். ஜெர்மானியரிடம் கைதிகளாக இருந்த வீரர்கள் தப்பிப்பதற்காக அமெரிக்காவில் செய்தது. நனைத்தால் சீட்டு இரண்டாக உரியும், உள்ளே வரைபடத்தின் ஒரு துண்டு இருக்கும். ஆனால் காவலாளி சந்தேகப்படக் கூடாது என்று, வெளியே 'பைசைக்கிள்' என்ற பிராண்டின் சாதாரணச் சீட்டாகவே அடித்தார்கள். முகத்திலேயே போர் விமானத்தைப் போட்டுக்கொண்டு யாராவது ரகசியம் கடத்துவார்களா?

உங்களுடையது வேறு வகை. நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்று ஆட்டத்தோடு ஆட்டமாகக் கண்ணுக்குப் பழக்கும் கட்டு. நிறைய அச்சானது, பிற்பாடு மறுபதிப்பும் வந்தது. லட்சத்துக்கு வழியில்லை.

அசலா என்று பார்க்க, கள்ளநோட்டு பிடிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதா விளக்கே போதும். வெள்ளைப் பகுதி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்தைய தாள். டப்பாவில் கிழிந்த வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். 1965 வரை அமெரிக்காவில் சீட்டுக்கட்டுக்கு வரி உண்டு; அந்த ஸ்டாம்ப் அதற்கு முந்தைய கட்டு என்பதற்கு அடையாளம்.

அடுத்து அந்த சர்டிபிகேட். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக 100 வயது ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள். உங்கள் கட்டுக்கு அந்த வயது ஆகவில்லை. முதல் உலகப் போர்க் கட்டு என்றால் கதையே வேறு. பேரரசர் கெய்சரும் தளபதி ஹிண்டன்பர்க்கும் படங்களாக வரும் ஜெர்மன் கட்டு மாதிரி ஏதாவது வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1914–18 சரக்குக்கு 100 தாண்டிவிட்டது, தொல்பொருள் என்று சொல்லிவிட்டால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சோழர் செப்புத் திருமேனிக்கும் சீட்டுக்கட்டுக்கும் ஒரே சட்டம்! இதை எழுதியவர்களைச் சொல்ல வேண்டும். இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

சுங்கத்தில் கேட்டால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தருவது மத்திய அரசின் தொல்லியல் துறை. அதன் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. புரோக்கர் தருவது வெறும் லெட்டர்பேட்.

52 சீட்டும் ஜோக்கர்களும் இருக்கின்றனவா என்று எண்ணி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவையுங்கள். "ரெண்டு நாள் வெச்சிட்டுப் போங்க சார், காட்டிட்டுத் தரேன்" என்றால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது இஸ்பேட் ஏஸ் இருக்காது.