வாசகர் கேள்வி: ஐரிஷ் தோட்டமும் காடும்

கே: ஏப்ரல் கடைசியில் டப்ளின் வருகிறோம். தோட்டம் பார்க்க ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். கார் இருக்கிறது. பவர்ஸ்கோர்ட்டா, வேறு ஏதாவதா?

ப: பவர்ஸ்கோர்ட்டில் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கே பேர்போனவை அடுக்கு மேடைகளும் குளமும் பின்னால் நிற்கும் சுகர்லோஃப் மலையும். எந்த மாதம் போனாலும் அவை அப்படியேதான் இருக்கும். ஏப்ரல் என்றால் நம் ஓட்டு, அதே விக்லோ மாவட்டத்தில் உள்ள கில்மக்கராவுக்கு. அங்கே அப்போது ரோடோடென்ட்ரான் பூக்கும்; கொத்துக் கொத்தாகப் பூக்கும் புதர்ச்செடி அது. தேசியத் தாவரவியல் பூங்காவின் கிளை இது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

டப்ளின் கிளாஸ்னெவினில் இருக்கும் தாய்ப் பூங்காவின் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். ரோடோடென்ட்ரானுக்கு அது ஆகாது. இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் இலை வெளுத்துப்போகும். கில்மக்கராவில் அமில மண், மழையும் கூடுதல். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிளாஸ்னெவின்காரர்கள் இமயமலைச் செடிகளை இங்கே ஆக்டன் குடும்பத்தாரின் தோட்டத்துக்குக் கொடுத்து வளர்த்தார்கள். ஐரிஷ் யூ என்ற ஊசியிலை மரமும் சிவப்பு ரோடோடென்ட்ரானும் மாறி மாறி நிற்கும் அகலப் பாதைக்கு முதலில் போங்கள். கிளையில் பூ குறைந்திருந்தால் ஏமாற்றம் வேண்டாம், காலடியைப் பாருங்கள்: புல் தெரியாமல் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும். ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் அத்தனையும் பழுப்பாகிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாட்களின் குளிரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர்ஸ்கோர்ட்டே என்று முடிவெடுத்தால் ஒன்று: 121 மீட்டர் அருவி தோட்டத்துக்குள் இல்லை. 6 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட்.

கே: கிலார்னி தேசியப் பூங்காவில் ரோடோடென்ட்ரானை வெட்டிப் போடுகிறார்களே, ஏன்?

ப: அது வேறு இனம், பான்டிகம். ஓக் காட்டுக்குள் அடர்ந்து, தரையில் வெளிச்சமே படாமல் செய்துவிடும். ஓக் கன்று முளைத்து மேலே வராது. இலையில் நஞ்சு இருப்பதால் மான்களும் பெரும்பாலும் தொடுவதில்லை. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கே: கார்னிஷ் தீவுக்கு ஹெரிட்டேஜ் கார்டு போதுமா?

ப: ஹெரிட்டேஜ் கார்டு என்பது அரசு பராமரிக்கும் இடங்களுக்கான நுழைவு அட்டை. கார்னிஷ் தீவில் உள்ள தோட்டத்துக்கு அது போதும், படகுக்குப் போதாது. கிளென்காரிஃபிலிருந்து போகும் படகுகள் தனியாருடையவை. கட்டணத்தை அங்கேயே கட்ட வேண்டும். ஏறும்போதே கடைசித் திரும்பு படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் தீவு திறந்திருக்காது.

கே: காட்டுப் பாதையில் உண்ணி கடிக்கும் என்கிறார்கள். குழந்தைகளோடு போகலாமா?

ப: தாராளமாகப் போகலாம். மான் திரியும் இடங்களில், உயரப் புல்லிலும் பெரணியிலும்தான் உண்ணி காத்திருக்கும். பாதையின் நடுவில் நடங்கள். பேண்ட்டின் அடியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீடு வந்ததும் முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடியோரம் எல்லாம் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா அளவுதான். மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடவே கூடாது. எரிச்சலில் அது தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். இடத்தைக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிப் படை போல வட்டம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயாக இருக்கலாம். நம் தோலில் அந்த வட்டம் படத்தில் காட்டும் சிவப்பாக இருக்காது, ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியலாம்.