சாண்டோரினி ஒயின் – மண், காற்று, புளிப்பு: கேள்வி பதில்

கேள்வி: கிரேக்கத் தீவான சாண்டோரினியில் எரிமலைச் சாம்பல் மண்தானே? அப்போது சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய இருக்குமே?

பதில்: பெயர்தான் ஒன்று. 'ஆஸ்பா' என்று அங்கே சொல்லும் மண் நுரைக்கல், சாம்பல், எரிமலை மணல் கலந்தது. பயிருக்குக் கிடைக்கும் பொட்டாசியம் அதில் ரொம்பக் குறைவு. அங்கே விளையும் அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையின் புளிப்புக்கு இது பெரிய காரணம். அந்தப் புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் சமையல் புளியில் இருப்பதும் அதுவே. சாற்றில் பொட்டாசியம் கூடினால் அமிலத்தைப் பிடித்து உப்பாகப் படியவைக்கும், ஒயின் சப்பென்று போகும். இங்கே அந்த இழப்பு குறைவு. வெயிலில் நன்றாகப் பழுத்து ஆல்கஹால் 14 சதவீதம் வந்தாலும் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று காட்டும் அளவு) 3-ஐ ஒட்டியே நிற்கும்.

கேள்வி: பந்தல் போடாமல் தரையோடு வளர்ப்பது ஏன்?

பதில்: காற்றுதான். வசந்தத்தில் அடிக்கும் காற்று இளந்தளிரை ஒடிக்கும். பறக்கும் மணல் பூவை உதிர்த்துவிடும். அதனால் குளிர்காலக் கவாத்தின்போது முந்தைய ஆண்டுக் கிளைகளை வட்டமாகச் சுற்றிக் கூடைபோல் பின்னுகிறார்கள், பெயர் 'குலூரா'. ஒரேயடியாக வளைத்தால் கிளை முறியும். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கித்தான் கொண்டுவர வேண்டும். குலைகள் கூடைக்குள்ளே, இலை நிழலில் பழுக்கும். பல பத்தாண்டுகளில் கூடை தடித்து, சாறு நெடுந்தூரம் ஏறவேண்டி வந்து, விளைச்சல் விழும். அப்போது கூடையை வெட்டி எறிந்து, அடியில் வரும் புதுத் தளிரிலிருந்து மறுபடி பின்னுவார்கள். மேலே இளங்கொடி, கீழே கிழட்டு வேர்! எந்திரம் நுழைய வழியில்லை. எல்லாம் குனிந்து செய்யும் கைவேலை.

கேள்வி: தண்ணீர்?

பதில்: ஆண்டு மழை 300–400 மி.மீ., பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் கடலிலிருந்து வரும் இரவு ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைக்கும். கொடிகளை நெருக்கி நட்டால் இது போதாது.

கேள்வி: திராட்சைக் கொடியைக் கொல்லும் ஃபிலோக்சிரா வேர்ப்பூச்சி அங்கே வரவில்லையாமே, அதைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்ட வேண்டாமா?

பதில்: வேண்டாம். களிமண் இல்லாத மணலில் அது பரவாது.

கேள்வி: வின்சாண்டோ என்ற அந்தத் தீவு ஒயினின் இனிப்பு, சர்க்கரை சேர்த்ததா?

பதில்: இல்லை. பறித்த பழத்தை ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் காயவைத்துப் பிழிகிறார்கள். பாதிக்கு மேல் அசிர்டிகோ இருக்க வேண்டும். மரப்பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு. அந்தப் புளிப்பு இல்லையென்றால் இது வெறும் பாகாகத் திகட்டும்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலின் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. முதல் பதிலில் சொன்ன அதே உப்பு. பொட்டாசியம் குறைவே தவிர, இல்லாமலில்லை. குளிரில் படிந்திருக்கிறது. பாட்டிலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, குலுக்காமல் ஊற்றி, கடைசி விரற்கடையை விட்டுவிடுங்கள். ஊற்றும்போது 10–12 டிகிரி இருக்கட்டும். அதைவிடக் குளிர்ந்தால் வாசனை எழாது.